முன்னாலிருந்து எண்ணினால் பன்னிரண்டு

பார்ன்ஸ்லி,
3 மார்ச் 1984

திரு. லயனல் கிராப்ட்ரீ அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. பார்ன்ஸ்லி சந்தைக்குப் பக்கத்தில் கறிக்கடை வைத்திருக்கிறேன். நாய்க்கு எலும்பு கேட்டு வருகிறவர்களுக்குச் சுற்றிக் கொடுக்கப் பழைய பத்திரிகைகளைக் கிழித்து வைப்பது வழக்கம். நேற்றுக் கிழித்த பக்கத்தில் உங்கள் படம் இருந்தது. சண்டைக் கால இராணுவ லாரி ஒன்றின் மேல் சாய்ந்துகொண்டு, அதை நீங்களே பெற்றெடுத்த மாதிரி சிரிக்கிறீர்கள். அடியில் உங்கள் பழைய இராணுவ வண்டிச் சங்கத்தின் முகவரி இருந்தது.

லாரியின் பானெட்டில் L 4417512 என்று எழுதியிருக்கிறது. எலும்பை வேறு தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

ஒரே கேள்வி. அது அந்த லாரியேதானா? இல்லை, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று ஏதோ ஓர் எண்ணை எழுதி வைத்திருக்கிறீர்களா?

அந்த எண்ணுள்ள லாரியை நான் ஒருமுறை சந்தித்திருக்கிறேன். அதனால் கேட்கிறேன். பதில் எழுத நேரமில்லை என்றால் பரவாயில்லை. ஆனால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
எட்னா ஹாப்வுட் (திருமதி)


லவுத், லிங்கன்ஷயர்,
9 மார்ச் 1984

மதிப்பிற்குரிய திருமதி ஹாப்வுட் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான் படித்தேன். பிறகு என் மனைவி டோரீனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அதன் பிறகு, வாயை அகலத் திறந்தபடி என் நாற்காலியில் படுத்திருந்த ஒரு நோயாளிக்கும் படித்துக் காட்டினேன். நான் பல் மருத்துவன். என்னிடம் வருகிறவர்களுக்கு என் பேச்சைக் கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று வருடக்கணக்கில் காத்திருந்தவன் நான். டோரீன் கேட்கும் ஒரே கேள்வி, "அதை எப்ப விக்கப் போறீங்க?" என்பதுதான். "அந்த லாரிக்குப் பூசின பெயின்டுல பாதி நம்ம வீட்டுக்குப் பூசியிருந்தா ராணியம்மாவையே விருந்துக்குக் கூப்பிட்டிருக்கலாம்" என்பாள்.

அழகுக்காக எழுதுவதா! அம்மா, அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மனைவியின் பிறந்தநாளைப் பானெட்டில் எழுதிக்கொண்டு திரிந்தவன் ஒருவன் எங்கள் சங்கத்திலேயே இருந்தான். நாலு பேர் சேர்ந்து குட்டைக்குள் தள்ளிவிட்டோம். வண்டியை அல்ல, அவனை. நான் அந்தச் சங்கத்தின் எண் செயலாளர். யார் வண்டிக்கு எந்த எண் என்று தீர்ப்புச் சொல்கிறவன். என் வண்டியில் நானே பொய் எழுதுவேனா?

கேளுங்கள். ஓட்டுகிறவர் கண்ணெதிரே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. அதில் இரண்டு எண்கள். ஒன்று ஒப்பந்த எண். இராணுவம் எந்த ஆர்டரில் இதை வாங்கியது என்று சொல்வது. மற்றது சேசிஸ் எண். அந்த ஆர்டரில் இது எத்தனையாவதாகப் பிறந்தது என்று சொல்வது. பானெட்டில் உள்ள எண் இந்த இரண்டுமல்ல. அது இராணுவம் வைத்த பெயர். தகட்டில் அடிக்க மாட்டார்கள், பெயின்டில் எழுதுவார்கள். பெயின்ட் போனால் பெயரும் போயிற்று. சண்டை முடிந்ததும் என் லாரி ஓர் உருளைக்கிழங்கு விவசாயியிடம் போய்ச் சேர்ந்தது. அந்தப் புண்ணியவான் டிராக்டருக்கு அடித்து மிஞ்சிய பெயின்டையெல்லாம் சிவப்பு, நீலம், மறுபடி சிவப்பு என்று பானெட்டில் பூசிப் பூசி, ரொட்டியில் வெண்ணெய் தடவிய கனத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நான் அதைச் சுரண்டவில்லை. கணக்குப் போட்டேன். என் லாரியின் ஒப்பந்தத்தில் ஐந்நூறு லாரிகள். அவற்றுக்கு இராணுவம் 4417301இல் தொடங்கி வரிசையாக ஐந்நூறு எண்கள் ஒதுக்கியது. இது ஊரறிந்த விஷயம். சேசிஸ் எண்ணின்படி என் லாரி அந்த ஐந்நூறில் இருநூற்றுப் பன்னிரண்டாவது. முதல் லாரிக்கு முதல் எண், இரண்டாவதற்கு இரண்டாவது எண், இப்படியே முன்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். 4417512! கண்டுபிடித்த அன்று சட்டை போடாமல் தெருவுக்கு ஓடி வந்தேன். மழை. அண்டை வீட்டார் தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு வந்தார்கள்.

ஆக, அதேதான். என் மீதிப் பற்கள் மேல் சத்தியம்.

நீங்கள் அதைச் "சந்தித்ததாக" எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இராணுவத்தில் ஓட்டுநராக இருந்தீர்கள், இல்லையா? காக்கிச் சட்டையில், தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு! டோரீனுக்குக் கொஞ்சம் பொறாமை.

உங்கள் நினைவுகளை எழுத வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கும்,
லயனல் கிராப்ட்ரீ


பார்ன்ஸ்லி,
20 மார்ச் 1984

திரு. கிராப்ட்ரீ அவர்களுக்கு,

விளக்கமாக எழுதியதற்கு நன்றி. கணக்கு எனக்குப் புரிந்தது. கறிக்கடையில் எண்ணத்தான் முதலில் கற்றுக்கொள்கிறோம்.

நான் ஓட்டுநர் அல்ல. நினைவுகளைப் பிறகு சொல்கிறேன், நேரில்.

லாரியை எங்கே பார்க்கலாம்?

இத்துடன் பன்றி இறைச்சி சாஸேஜ் ஒரு பொட்டலம். உங்கள் மனைவிக்கு.

எட்னா ஹாப்வுட்


லவுத்,
25 ஏப்ரல் 1984

அன்புள்ள திருமதி ஹாப்வுட்,

சாஸேஜுக்கு டோரீனின் நன்றி. எனக்கு மென்று தின்ன முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இந்தக் கடிதத்தை இடக்கையால் எழுதுகிறேன் என்பதையும் மன்னிக்க வேண்டும்.

பெர்ட் ஹோல்ராய்ட் என்று ஒருவன். நிலக்கரி வியாபாரி. ஒவ்வொரு கையும் ஒரு கரிமூட்டை. அவனிடமும் இதே ஒப்பந்தத்து லாரி ஒன்று இருக்கிறது, என்னுடையதின் கூடப்பிறந்தது. அதன் பானெட்டில் எண்ணே கிடையாது. "நிச்சயமாத் தெரியாம ஒரு புள்ளி கூட வைக்க மாட்டேன்" என்று மொட்டையாகவே ஓட்டிக்கொண்டு திரிகிறான். அதன் பழைய பானெட் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதால் சுரண்டிப் பார்க்கவும் வழியில்லை.

ஈஸ்டர் திங்களன்று மதுக்கடைப் பின்கட்டில் சங்கக் கூட்டம். ஹோல்ராய்ட் எழுந்து ஒரு புதுச் சித்தாந்தத்தை அவிழ்த்துவிட்டான். தொழிற்சாலை மைதானத்தில் லாரிகளை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களாம். கடைசியாகப் போனது வாசலோரம் நின்றதாம். எண் எழுதுகிறவன் வாசலிலிருந்து தொடங்கினானாம். ஆகவே பின்னாலிருந்துதான் எண்ண வேண்டுமாம்! அவன் லாரி இருநூற்று எண்பத்தொன்பதாவது. முன்னாலிருந்து எண்ணினால் அதற்கு 589 என்று முடியும் எண், என்னுடையதற்கு 512. பின்னாலிருந்து எண்ணினால் அப்படியே தலைகீழ். அவனுக்கு என் 512, எனக்கு அவன் 589.

"கிராப்ட்ரீ, அந்தப் பன்னெண்டை அழி. அது என் வண்டியோடது."

"உன் வண்டியோடதுன்னா உன் வண்டியில எழுத வேண்டியதுதானே?"

"நீ சுரண்டிக் காட்டு, எழுதுறேன். அடிப் பெயின்டுல என்ன இருக்குன்னு பார்க்க உனக்கு ஏன்யா இந்தப் பயம்?"

"நான் பல் டாக்டர். எதைச் சுரண்டணும், எதைச் சுரண்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா? போன வருஷம் சொத்தைப் பல்லை விட்டுட்டு நல்ல பல்லைப் பிடுங்கினியே, அப்பத் தெரியலையா?"

இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் இருவர் என் நோயாளிகள். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. நான்தான் முதலில் அடித்தேன் என்று சொல்கிறார்கள். அப்படியும் இருக்கலாம். என் முஷ்டி அவன் தாடையில் பட்டது. உடைந்தது என் கட்டைவிரல். அவன் அடித்ததில் என் முன்பல் ஒன்று யாருடைய பீர்க் கோப்பையிலோ விழுந்தது. இருவரும் மேசைக்கடியில் உருண்டோம். லாரியை முறுக்கிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடி ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. அதை நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவன் என் காதைக் கடித்துவிட்டான்.

கொடுமை என்ன தெரியுமா? அவன் வாயிலிருக்கும் பல்செட் நான் செய்துகொடுத்தது! கண்ணாடியில் தடத்தைப் பார்த்தேன். ஒரு பல் கூடப் பிசகாமல், அவ்வளவு சீராகப் பதிந்திருக்கிறது. தையல் போட்ட மருத்துவரே பாராட்டினார்.

எண் மட்டும் அழியவில்லை. அழியவும் விடமாட்டேன். மே மாதக் கடைசித் திங்கள் எங்கள் ஊர் மைதானத்தில் கண்காட்சி. நீங்கள் வந்தே ஆக வேண்டும். உங்களைப் போல் அந்த எண்ணை நேரில் அறிந்த ஒருவர் வந்து லாரியின் முன் நின்றால் போதும். ஹோல்ராய்டின் வாய் அடைத்துப்போகும். எனக்கு வேண்டிய சாட்சி நீங்கள்தான்.

ஒரு பல் குறைந்த,
லயனல் கிராப்ட்ரீ


பார்ன்ஸ்லி,
2 மே 1984

திரு. கிராப்ட்ரீ அவர்களுக்கு,

வருகிறேன். கடையைப் பூட்டிவிட்டு முதல் ரயிலில்.

காதுக்கு வினிகர் வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் போதும்.

இரண்டு விவரங்கள் வேண்டும். தரையிலிருந்து பானெட் எவ்வளவு உயரம்? நான் குள்ளம். பானெட்டின் தகடு எவ்வளவு கனம்?

எட்னா ஹாப்வுட்


லவுத்,
30 மே 1984

திருமதி ஹாப்வுட்,

"அன்புள்ள" என்று எழுதிவிட்டு அடித்தேன். பிறகு "மதிப்பிற்குரிய" என்று எழுதி, அதையும் அடித்தேன். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். ஆகையால் நானே சொல்கிறேன்.

நீலக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கையில் கடைப் பையோடு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர் மாதிரி வந்தீர்கள். டோரீன் கொடுத்த கேக்கைச் சாப்பிட்டீர்கள். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னீர்கள். பிறகு லாரியின் முன் வந்து நின்றீர்கள்.

"இதுதானே?" என்றீர்கள்.

"இதேதாங்க."

"நிச்சயமா?"

"இதுல சந்தேகமே இல்ல!" என்றேன், ஹோல்ராய்டுக்குக் கேட்கட்டும் என்று, உரக்க.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி" என்றீர்கள்.

ஐம்பத்தொரு வயதுக்காரனைத் தம்பி என்கிறாரே என்று பூரித்துப்போய்த் தள்ளி நின்றேன். நீங்கள் பைக்குள்ளிருந்து, துணியில் சுற்றிய வெட்டுக்கத்தியை எடுத்தீர்கள். மாட்டுத் தொடையை இரண்டாக்கும் கத்தி அது. முதல் வெட்டு சரியாக என் 12இல் விழுந்தது. தகடு பிளந்தது. இரண்டாவதும் அங்கேதான், மூன்றாவதும் அங்கேதான். டிராக்டர் பெயின்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்து என் முகத்தில் தெறித்தது. அப்புறம் ரேடியேட்டர். கொதிநீர் பீறிட்டுக்கொண்டு வந்தது. நீங்கள் ஓரடி கூட நகரவில்லை. ஹெட்லைட் இரண்டும் தூள். கண்ணாடி தூள். முன் டயரில் கத்தியைச் செருகி இழுத்தீர்கள் பாருங்கள், குடலை உருவுவது போல! மைதானத்தில் பாதிப் பேர் தரையில் படுத்துவிட்டார்கள்.

ஒலிபெருக்கியில் இருந்த பாதிரியாருக்குக் கிட்டப்பார்வை. "அடுத்து, போர்க்களக் காட்சி ஒண்ணை நமக்கு நடிச்சுக் காட்டுறாங்க, எல்லாரும் கை தட்டுங்க" என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். ஹோல்ராய்ட் நாற்காலியிலிருந்து சிரித்தபடியே விழுந்தான். நான் உங்கள் முழங்கையைப் பிடிக்க வந்தேன். நீங்கள் திரும்பிக் கூடப் பார்க்காமல் கத்தியின் தட்டைப் பக்கத்தால் என் தோளில் ஒன்று வைத்தீர்கள். தோள்பட்டை எலும்பில் விரிசல். கட்டைவிரலும் காதும் இப்போதுதான் ஆறின.

போலீஸ்காரர் வந்து கேட்டபோது, "இது நிகழ்ச்சியோட ஒரு பகுதிங்க, கொஞ்சம் அளவு மீறிப்போச்சு" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் பக்கத்தில் இருந்தேன்.

"நின்னியா? நின்னியா நீ?"

யாரைக் கேட்டீர்கள், திருமதி ஹாப்வுட்? அதற்காவது பதில் எழுதுங்கள்.

லயனல் கிராப்ட்ரீ


பார்ன்ஸ்லி,
6 ஜூன் 1984

திரு. கிராப்ட்ரீ அவர்களுக்கு,

லாரியைக் கேட்டேன்.

என் கணவர் பெயர் வால்டர் ஹாப்வுட். கல்யாணமாகி முதல் விடுப்பில் வந்திருந்தார். 1942 நவம்பர். நடன அரங்கிலிருந்து வெளியே வந்தோம். தெருவில் ஒரு விளக்கு கிடையாது, குண்டு போடுவார்கள் என்று எல்லாம் அணைத்திருந்த காலம். என் கையுறை ஒன்று கீழே விழுந்தது. அவர் ஓரடி பின்னால் போய்க் குனிந்தார். நான் அவர் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஹெட்லைட்டை மூடியிட்டு மறைத்த இராணுவ லாரி ஒன்று வந்தது. சத்தம் கேட்பதற்குள் போய்விட்டது. என் பிடியில் கோட்டுக் கை மட்டும் இருந்தது. அவரைச் சர்ச் சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் விட்டிருந்தது. முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை. நான் தைத்த பொத்தானை வைத்துச் சொன்னேன்.

லாரி நிற்கவில்லை. பட்டது தெரியாமல் இருக்க முடியாது. கொஞ்ச தூரம் போய் மெதுவாயிற்று, பிறகு வேகமெடுத்தது. தெருக்காவலுக்கு நின்றவர் டார்ச் அடித்துப் பின்பலகையில் எண்ணைப் படித்துவிட்டார். விசாரணையில் அந்த எண்ணை வாசித்தார்கள். அந்தப் படைப்பிரிவு கப்பலேறிப் போய்விட்டது, ஓட்டியவர் யாரென்று தெரியவில்லை, இது விபத்து என்று சொல்லி முடித்தார்கள்.

எனக்கு அடிக்க ஒரு முகம் கிடைக்கவில்லை. ஓர் எண் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டேன்.

லாரிக்காக மன்னிப்புக் கேட்கவில்லை. தோளுக்காகக் கேட்கிறேன். அது உங்களுடைய தோள் என்று கவனிக்கவில்லை. போலீஸ்காரரிடம் சொன்ன பொய்க்கு நன்றி. அன்று வீட்டுக்கு வந்து படுத்தேன். கடை திறக்கும் நேரத்துக்குத்தான் கண் விழித்தேன். எனக்கு அது பழக்கமில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பழுது பார்க்கும்போது பானெட்டை நீங்களே பாருங்கள். வேறு யார் கையிலும் விடாதீர்கள்.

உடைந்த எலும்பு கூடுவதற்கு மாட்டின் கால்சூப்பு நல்லது. எலும்பு அனுப்பியிருக்கிறேன்.

எட்னா ஹாப்வுட்


லவுத்,
14 ஜூலை 1984

அன்புள்ள எட்னா அம்மா,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். உங்கள் கடிதத்தை டோரீனுக்குப் படித்துக் காட்டவில்லை. நோயாளிகளுக்கும் படிக்கவில்லை. வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது இது ஒரு முறைதான். எல்லாரும் பல்வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதலில் முக்கியமான செய்தி. அது அதே லாரிதான். அதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். நீங்கள் சொன்னபடி பானெட்டை நானே பார்த்தேன். வெட்டுப்பட்ட இடத்தில் பெயின்ட் பெயர்ந்திருந்தது, உண்மைதான். அடியில் ஒன்றுமே இல்லை. வெறும் பச்சை. எண் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. பார்த்த கையோடு, துரு ஏறக் கூடாதே என்று, மேலே கனமாகப் பெயின்ட் பூசி 4417512 என்று மறுபடி எழுதிவிட்டேன். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள். வெட்டின தடங்களை ஒடுக்கெடுக்கப் போவதில்லை. அவை அப்படியே இருக்கும்.

ஹோல்ராய்ட் சும்மா விடுவானா? "இப்பத்தான் பாதி சுரண்டியாச்சே, மீதியைச் சுரண்ட என்ன கேடு?" என்று பெயின்ட் உரிக்கும் திரவம் ஒரு டின் எடுத்துக்கொண்டு சங்க ஆட்களோடு என் கொட்டகைக்கே வந்துவிட்டான். நான் பானெட் மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

"எந்திரிய்யா!"

"மாட்டேன்."

"இதுவரைக்கும் நீ தப்பான கணக்குப்பிள்ளைன்னுதான் நெனச்சேன். இப்ப பொய்யன்னு தெரியுது."

"பொய்யன்தான். போடா."

காலைப் பிடித்து இழுத்தார்கள். உதைத்தேன். மூக்கு உடைந்தது, என்னுடையதுதான். அந்தத் திரவம் என் முதுகில் கொட்டி ஒரு பாளம் தோல் உரிந்து வந்துவிட்டது. எண் மட்டும் தப்பித்தது. அன்று சாயங்காலமே சங்கம் கூடி, எண் செயலாளர் பதவியிலிருந்து என்னை நீக்கியது. வேண்டுமென்றே தவறான எண் தரித்த வண்டி என்று என் லாரியைக் கண்காட்சிகளிலிருந்தும் விலக்கிவைத்தார்கள். தவறு என்பது அவர்கள் அபிப்பிராயம். நீங்கள் அதை நம்ப வேண்டாம்.

இன்னொன்று. ஹோல்ராய்டின் லாரியைப் பற்றி நான் முன்பு ஏதேதோ உளறியிருக்கிறேன். மறந்துவிடுங்கள். அது ஒன்றுக்கும் உதவாத வண்டி. யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்திராத வண்டி. நீங்கள் அதை மெனக்கெட்டுப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவன் நிரூபணம் கிடைக்காமல் எண் எழுத மாட்டான். நிரூபணம் கிடைக்கப்போவதில்லை.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். ஏனென்று கேட்காதீர்கள். அவன் நிலக்கரிக் கிடங்குக்குப் போனேன். அவன் இல்லை, லாரி இருந்தது. கையோடு கொண்டுபோன இரும்புக் கைப்பிடியால் அதன் ஹெட்லைட் இரண்டையும் அடித்து நொறுக்கினேன். பிறகு பம்பரை உதைத்தேன். கால் கட்டைவிரலில் எலும்பு முறிவு. வலியில் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டு அதனிடம் ஏதோ கேட்டேன். என்ன கேட்டேன் என்பதும் வேண்டாம்.

டோரீன் சொல்கிறாள், இனி என் உடம்பில் உடைக்க இடமில்லையாம்.

என்றும் உங்கள்,
லயனல்


பார்ன்ஸ்லி,
1 ஆகஸ்ட் 1984

அன்புள்ள லயனல் தம்பி,

கடிதமும், கூடவே வைத்திருந்த, கட்டுகளோடு நீங்கள் நிற்கும் புகைப்படமும் கிடைத்தன. உங்களுக்குப் பல் பிடுங்க வருமோ வராதோ, பொய் சொல்ல வரவில்லை.

மூன்றாவது வெட்டில் பெயின்ட் பெயர்ந்தது. அடியில் பச்சை, பச்சை மேல் வெள்ளையில் எண். கடைசி இரண்டு இலக்கம் 89. எனக்கு இன்னும் கண்ணாடி தேவைப்படவில்லை. பார்த்தேன். நான்காவது வெட்டை ஓங்கும்போதே எனக்குத் தெரியும், இது அது இல்லை என்று.

கை நிற்கவில்லை. கல்யாணப் பெண்ணாக இருந்தபோது ஓங்கிய கை அது. எதன் மேலாவது இறங்க வேண்டியிருந்தது. உங்கள் லாரி செய்த குற்றம் ஒன்றுதான். அது நின்றது.

தூங்கினேன் என்று எழுதியது பொய்யில்லை. அதனால்தான் பானெட்டை நீங்களே பாருங்கள் என்று எழுதினேன். உங்கள் எதிரிகள் கண்ணில் பட்டு நீங்கள் அவமானப்பட வேண்டாமே என்று. நீங்கள் என்னடாவென்றால் அதை மறைத்து, பதவி போய், மூக்குடைந்து, தோல் உரிந்து கிடக்கிறீர்கள். தப்பான எண்ணோடு ஒரு வண்டி நிற்பது உங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு கொடுமை என்பது ஓரளவு எனக்குப் புரிகிறது. இந்த நாற்பது வருடத்தில் வால்டருக்காக அடிபட்ட ஆள் நீங்கள் ஒருவர்தான்.

போதும். பானெட்டைச் சுரண்டி 89 என்று எழுதுங்கள். அது ஒரு பாவமும் செய்யவில்லை. அதன் பெயரை அதற்குக் கொடுங்கள். வரும் ஞாயிறு வருகிறேன், பெயின்ட் டின்னைப் பிடித்துக்கொள்கிறேன். பை கொண்டு வரமாட்டேன் என்று டோரீனிடம் சொல்லுங்கள்.

உங்கள் லாரிக்கு 89 என்றால் பின்னாலிருந்துதான் எண்ண வேண்டும். அப்படியென்றால் 12 யாருடையது என்றும் தெரியும். ஏப்ரலில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஹெட்லைட்டை நொறுக்கியதைப் படித்தபோது உறுதியாயிற்று. நீங்கள் அதனிடம் என்ன கேட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அது பதில் சொல்லியிருக்காது.

உங்கள் 89ஐப் பார்த்ததும் திரு. ஹோல்ராய்ட் தன் பானெட்டில் 12 எழுதிவிடுவார். எழுதட்டும். அது அவர் உரிமை. அவர் பேரில் எனக்குக் கோபமில்லை. ஓர் உதவி மட்டும் செய்யுங்கள். அந்த லாரி எந்த ஊர்க் கண்காட்சிக்கு, என்றைக்கு வருகிறது என்று எனக்கு ஒருபோதும் சொல்லாதீர்கள். சொன்னால் வருவேன்.

உங்கள் வண்டியை வெட்டியதில் கத்தி பல்லுப் பல்லாகப் போய்விட்டது. சாணை பிடிக்கக் கொடுத்தேன். சாணைக்காரர், "என்னத்தம்மா வெட்டினீங்க?" என்று கேட்டார். "எலும்புதான்" என்றேன். நேற்று வாங்கி வந்தேன். மயிரை வைத்தால் அறுக்கும் கூர்.

கடைக்குத்தான்.

அன்புடன்,
எட்னா